மூன்று வருட பிளேரைட், சிஐ அனுபவம்: ரீட்ரை என்ற ஒரே ஒரு வரி மட்டும் எனக்கு ஆறவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை கல்லூரித் தோழி ஒருத்தி கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாள். அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஃப்ரண்ட் எண்டுக்கு மூன்றே பேர். ஒவ்வொரு ரிலீசுக்கும் முந்தின நாள் மூவரும் உட்கார்ந்து எல்லாப் பக்கங்களையும் கையால் தட்டித் தட்டிப் பார்க்கிறார்களாம். "நீ மூணு வருஷமா பிளேரைட்டு, சிஐன்னு அதுலயே கிடக்கியே, சொல்லு, போடலாமா வேண்டாமா?" என்றாள். பிளேரைட் என்பது பிரவுசரைத் தானாக இயக்கி வெப் பக்கங்களைச் சோதிக்கும் கருவி, சிஐ என்பது புரோகிராம் மாறும்போதெல்லாம் அந்தச் சோதனைகளைத் தானாக ஓட்டிப் பார்க்கும் ஏற்பாடு. வாட்ஸப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. அதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.

பிளேரைட் என்றால் என்ன என்று முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. 2020-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது, அதற்கு முன் கூகுளில் பப்பெட்டியர் என்ற இதே மாதிரிக் கருவியில் வேலை செய்தவர்கள் கட்டியது, குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் என்ற மூன்று பிரவுசர் வகைகளிலும் ஓடும். இதெல்லாம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். சைப்ரஸ் என்ற போட்டிக் கருவியா, பிளேரைட்டா என்ற சண்டைக்கும் நான் வரவில்லை. எங்களுக்கு ஐபோன் பயனர்கள் அதிகம் என்பதால் சஃபாரிக்கு அடிப்படையான வெப்கிட் வேண்டியிருந்தது, அதனால் இதை எடுத்தோம். பிளேரைட்டின் வெப்கிட்டும் ஐபோனில் இருக்கும் சஃபாரியும் அப்படியே ஒன்றல்ல. ஆனாலும் லினக்ஸ் மெஷினில் அவ்வளவாவது கிடைப்பது பெரிய விஷயம்.

நான் இருப்பது பெங்களூரு அல்சூரில். அலுவலகம் ஒரே ஒரு மெட்ரோ ஸ்டேஷன் தள்ளி, இந்திராநகரில். கிளினிக்குகளுக்கு டோக்கன் பதிவு செய்யும் வெப் ஆப் செய்கிறோம், ஆங்கிலம், கன்னடம், தமிழ் என்று மூன்று மொழிகளில். எட்டுப் பேர் டீம். டெஸ்டிங் பார்க்கும் அண்ணன் கேஜிஎஃப்காரர் (கோலார் தங்க வயல்), தினமும் ரயிலில் வந்து போகிறவர். சிஐ வருவதற்கு முன்பு, ரிலீசுக்கு இரண்டு நாள் முன்னாலிருந்தே ஒரு எக்செல் ஷீட்டை வைத்துக்கொண்டு வரி வரியாகச் சோதிப்பார். அந்த ஷீட்டைத்தான் நாங்கள் டெஸ்டாக மாற்றினோம். இன்றைக்கு 214 டெஸ்டுகள். நான்கு மெஷின்களில் பிரித்து ஓட்டுவதால் எட்டு ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிடும். புல் ரிக்வெஸ்ட் (செய்த மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) போட்டு, கீழே போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் பச்சை டிக் வந்திருக்கும்.

அந்தப் பச்சை டிக்கின் மேல்தான் எனக்குக் கோபம்.

பிளேரைட்டைப் புதிதாக நிறுவும்போது அது எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் ஒரு கன்ஃபிக் ஃபைலை எழுதித் தரும். அதில் ஒரு வரி இருக்கும்: சிஐயில் ஓடினால் ரீட்ரை 2, சொந்த மெஷினில் ஓடினால் 0. ரீட்ரை என்றால் விழுந்த டெஸ்டை மறுபடி ஓட்டுவது. அதாவது சிஐயில் ஒரு டெஸ்டுக்கு மொத்தம் மூன்று வாய்ப்பு. முதல் தடவை விழுந்து இரண்டாவது தடவை எழுந்துவிட்டால் அதற்கு "ஃப்ளேக்கி" என்று பெயர் வைத்து ரிப்போர்ட்டில் ஓரமாகக் காட்டும். பில்டு பச்சைதான். மெர்ஜ் பட்டன் திறந்துகொள்ளும். பில்டு பச்சையாக இருக்கும்போது ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்கிற ஆளை இந்த மூன்று வருடத்தில் நான் பார்க்கவில்லை. நானும் பார்த்ததில்லை.

இந்த வருடம் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். டோக்கன் பதிவுப் பக்கத்தில் "உறுதி செய்" என்று ஒரு பட்டன். அதைச் சோதிக்கும் டெஸ்ட் அவ்வப்போது முதல் தடவை விழும், இரண்டாவது தடவை பாஸ் ஆகும். ஐந்து வாரம் இப்படியே போனது. யாரோ ஒருவர் ஸ்லாக்கில் "அது ஃப்ளேக்கி டெஸ்ட், விடுங்க" என்று எழுதினார். எல்லோரும் விட்டோம். ஆறாவது வாரம், கிளினிக் ஒன்றின் வரவேற்பில் இருக்கும் அம்மா சப்போர்ட் எண்ணுக்குக் கூப்பிட்டார். "தம்பி, பேஷண்டுங்க டோக்கனுக்கு அமுக்குறாங்க, ஒண்ணுமே வரலையாம். ரெண்டாவது தடவை அமுக்கினா வருதாம். வயசானவங்க பாவம், முதல் தடவையோட கிடைச்சிடுச்சுன்னு நெனைச்சு நேரா வந்துடுறாங்க."

முதல் தடவை வராது, இரண்டாவது தடவை வரும். எங்கள் டெஸ்ட் ஐந்து வாரமாக அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். எங்கள் பக்கத்தின் எச்டிஎம்எல் சர்வரிலிருந்தே முழுதாக வந்துவிடும். பட்டன் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதற்கு உயிர் கொடுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் பிந்தித்தான் வரும். ஹைட்ரேஷன் என்பார்களே, அந்த இடைவெளி. அந்த நேரத்தில் அமுக்கினால் க்ளிக் காற்றில் போகும். பிளேரைட் க்ளிக் செய்வதற்கு முன்பு பட்டன் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, எனேபிள் ஆகியிருக்கிறதா, மேலே வேறு ஏதாவது மறைத்துக்கொண்டிருக்கிறதா என்றெல்லாம் பார்த்துக் காத்திருக்கும். பட்டனுக்குப் பின்னால் ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டிக்கொண்டுவிட்டதா என்பதை அதனால் பார்க்க முடியாது. சிஐ மெஷின் மெதுவானது, அந்தப் பக்கத்தை முதலில் தொடுவது இந்த டெஸ்ட்தான், சர்வரும் அப்போதுதான் எழுந்திருக்கும். அதனால் விழுந்தது. ரீட்ரை வரும்போது சர்வர் சூடாகியிருக்கும், ஃபைல் சட்டென்று வந்துவிடும், பாஸ். சிஐ மெஷினைப் போலவே மெதுவான போனை வைத்திருந்த பெரியவர்களுக்கு அந்த முதல் க்ளிக் தொலைந்தது.

திருத்தம் ஒரே ஒரு வரி. ஜாவாஸ்கிரிப்ட் தயாராகும்வரை பட்டனை டிசேபிளாக வைத்தோம். டெஸ்டும் அது எனேபிள் ஆகும்வரை தானாகவே காத்துக்கொண்டது. இந்த ஒரு வரிக்காக ஐந்து வாரம் எத்தனை பேர் டோக்கன் இல்லாமல் கிளினிக் வாசலில் போய் நின்றார்களோ. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே கன்ஃபிக் ஃபைலில் டிரேஸ், அதாவது ஓட்டத்தின் பதிவு, என்று ஒரு வரி இருக்கும். "ஆன் ஃபர்ஸ்ட் ரீட்ரை" என்று போட்டிருக்கும். அப்படியென்றால் டெஸ்ட் முதல் தடவை விழும்போது எதையும் பதிவு செய்யாது. மறுபடி ஓடும்போதுதான் பதிவு செய்யும். எங்கள் கதையில் மறுபடி ஓடியது பாஸ் ஆன ஓட்டம். ஐந்து வாரத்து டிரேஸ்களையும் திறந்து பார்த்தேன், எல்லாவற்றிலும் எல்லாம் நன்றாக நடந்திருந்தது. விழுந்த ஓட்டத்துக்கு ஒரு சாட்சியும் இல்லை. அன்றைக்கு மேசையில் ஓங்கி அடித்துவிட்டு எழுந்து வெளியே போனேன். பிறகு அதை "ரிட்டெயின் ஆன் ஃபெயிலியர்" என்று மாற்றினோம். ஒவ்வொரு ஓட்டத்தையும் பதிவு செய்து, விழுந்ததை மட்டும் வைத்துக்கொள்ளும். பில்டு கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை.

மாற்றிய பிறகு நடந்ததையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்தப் பதிவைத் திறந்து காட்டும் டிரேஸ் வியூவர் மாதிரி ஒரு கருவியை நான் ஃப்ரண்ட் எண்டில் வேறு எங்கும் பார்த்ததில்லை. டெஸ்ட் எங்கோ ஒரு மெஷினில் ஓடி முடிந்து, அந்த மெஷினே இல்லாமல் போன பிறகும், அது செய்த ஒவ்வொரு க்ளிக்குக்கும் முன்னால் பக்கம் எப்படி இருந்தது, பின்னால் எப்படி இருந்தது என்று உயிரோடு காட்டும். அது படமல்ல, டாம் என்னும் பக்கத்தின் உள்ளமைப்பு அப்படியே இருக்கும், இன்ஸ்பெக்ட் செய்து பார்க்கலாம். நெட்வொர்க்கில் எந்த ஃபைல் எப்போது வந்தது என்ற காலக்கோடும் மேலேயே ஓடும். க்ளிக் நடந்த நேரத்துக்குப் பின்னால் அந்த ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் வந்து சேர்ந்ததை அதில்தான் பார்த்தோம். கேஜிஎஃப் அண்ணன் பல வருடம் செலினியம் என்ற பழைய சோதனைக் கருவியில் இருந்தவர். இரவில் ஓடி விழுந்த டெஸ்டை மறுநாள் காலையில் ஊகத்தை வைத்துத் தேடியவர். முதல்முறை டிரேஸைத் திறந்து காட்டியபோது பத்து நிமிடம் பேசாமல் முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது அப்பவே இருந்திருந்தா எத்தனை ராத்திரி தூங்கியிருப்பேன் தம்பி" என்றார்.

அவர் கண்ணில் பட்ட இன்னொரு விஷயமும் உண்டு. பக்கங்களின் ஸ்கிரீன்ஷாட்டைப் பழையதோடு ஒப்பிடும் டெஸ்டுகளும் வைத்திருக்கிறோம். சிஐக்கு நாங்களே ஒரு சின்ன லினக்ஸ் இமேஜ் கட்டியிருந்தோம். அதில் தமிழ், கன்னட ஃபாண்டுகளைப் போட மறந்துவிட்டோம். முதல் ஸ்கிரீன்ஷாட்டிலேயே தமிழ் எழுத்தெல்லாம் வெறும் கட்டம் கட்டமாக விழுந்தது, அதுவே சரியான படம் என்று ரெபோவில் (எங்கள் புரோகிராம்களைச் சேமிக்கும் இடம்) ஏறிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கட்டத்தைக் கட்டத்தோடு ஒப்பிட்டு டெஸ்ட் பச்சை காட்டியது. ஒருநாள் அண்ணன் தற்செயலாக அந்தப் படத்தைத் திறந்தார். "தம்பி, இதுல தமிழ் எங்க இருக்கு?" என்று கேட்டார். தமிழ், கன்னட எழுத்துள்ள நோட்டோ ஃபாண்டுகளைச் சேர்த்துப் படங்களை மறுபடி எடுத்தபோது, பதிவுப் பக்கத்தில் இரண்டு இடங்களில் தமிழ் வாசகம் பட்டனுக்கு வெளியே வழிந்துகொண்டிருந்தது தெரிந்தது. கட்டங்கள் எழுத்தைவிட ஒல்லியாக இருந்ததால் அதுவரை தெரியவில்லை. தமிழிலோ கன்னடத்திலோ பக்கம் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே உங்கள் சிஐ ஸ்கிரீன்ஷாட்டை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.

நேரப் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிஐ மெஷினின் கடிகாரம் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடும், நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். பிரவுசருக்கு இந்திய நேரம் கொடுத்திருந்தோம், ஆனால் டெஸ்ட் ஓடுவது பிரவுசருக்கு வெளியே, நோட் என்ற புரோகிராமில், அதற்கு யூடிசிதான். "இன்றைய டோக்கன்" டெஸ்ட் ராத்திரி 12 மணியிலிருந்து அதிகாலை 5:30 வரை மட்டும் விழும், விடிந்தால் பாஸ். ராத்திரி ரிலீஸ் போகும் நாளில் மட்டும் எங்களைப் படுத்தியது. பிளேரைட்டில் கடிகாரத்தையே நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டதும் தீர்ந்தது.

சரி, ரீட்ரைக்கு வருகிறேன். கிளினிக் விஷயத்துக்குப் பிறகு அதை 0 ஆக்க வேண்டும் என்று டீமில் கேட்டேன். எங்கள் லீட் ஒத்துக்கொள்ளவில்லை. 2016-ல் கூகுள் தன் டெஸ்டுகளைப் பற்றி எழுதியதை எடுத்துக் காட்டினார். அவர்களுடைய டெஸ்டுகளிலேயே கிட்டத்தட்ட 16 சதவீதத்தில் ஏதோ ஒரு அளவுக்கு இந்த ஃப்ளேக்கித் தன்மை இருந்ததாம், மொத்த ஓட்டங்களில் 1.5 சதவீதம் அப்படி முடிந்ததாம். "அவங்களாலேயே முடியலை, எட்டுப் பேர் நாம என்ன பண்றது?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் அதை எண்ணியிருக்கிறார்கள். எத்தனை என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். எங்களிடம் எத்தனை என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கடைசியில் இரண்டு வாரம் மட்டும் 0 வைத்துப் பார்க்கச் சம்மதித்தார்.

முதல் வாரம் நரகம். 214-ல் பதினொன்று மாறி மாறி விழுந்தன. ஒரு சின்ன நிறத்தை மாற்றியவரின் புல் ரிக்வெஸ்டும் சிவப்பில் நின்றது. இரண்டு பேர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணனும் நானும் தினம் ஒரு டிரேஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பதினொன்றில் ஏழு, டெஸ்ட் எழுதியதில் இருந்த தவறு. ஒரு டெஸ்ட் போட்டுவிட்டுப் போன டேட்டா அடுத்ததன் காலை வாரிவிடுவது மாதிரியானவை. நான்கு நிஜ பக், ஆப்பிலேயே இருந்த பிழை. பயனர்கள் கையில் இருந்த பக். அதில் ஒன்று, மெதுவான நெட்வொர்க்கில் பழைய தேடலின் பதில் புதிய தேடலின் மேல் வந்து உட்கார்ந்து, வேறு டாக்டரின் பட்டியலைக் காட்டியது. இந்த நான்குக்கும் ரீட்ரைதான் இத்தனை நாள் திரை போட்டிருந்தது.

ரீட்ரையை வைத்தே ஆக வேண்டும் என்றால், ஃப்ளேக்கி வந்தால் பில்டை விழ வைக்கும் ஒரு ஆப்ஷனும் இருக்கிறது, அதையாவது போடுங்கள். அந்த வசதியைக் கொடுத்தவர்கள் புதிதாக நிறுவும்போதே அதை வைத்துக் கொடுத்திருக்கலாம். புதிதாக வருகிறவர் அந்தக் கன்ஃபிக் ஃபைலைப் படித்துப் பார்த்து மாற்றுவார் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். நாங்கள் மூன்று வருடம் மாற்றவில்லை.

பிளேரைட்டுக்கு மதிப்பெண் கேட்டால், பத்துக்கு ஐந்து. டிரேஸ் வியூவரைப் பற்றி அவ்வளவு சொல்லிவிட்டு ஐந்துதானா என்று கேட்கலாம். ஆமாம், ஐந்துதான். வேறு கருவிக்கு நான் மாறப் போவதில்லை, அதுவும் உண்மை. ஆனால் அந்த அம்மாவின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. போன வருடம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்பது கொடுத்திருப்பேன்.

தோழிக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். மூன்று பேரில் ஒருவராவது தினமும் அரை மணி நேரம் சிவப்பைப் பார்க்க உட்கார முடியுமா என்று கேட்டேன், பதில் இல்லை. அந்த ஒருவர் கிடைக்கும்வரை கையால் தட்டிப் பார்ப்பதே மேல், அப்போதாவது பட்டன் வேலை செய்யவில்லை என்றால் ஒரு மனிதர் கண்ணில் படும் என்றேன். அவள் கேட்கவில்லை. நேற்று ராத்திரி கன்ஃபிக் ஃபைலை அனுப்பி, "சரியா இருக்கா பாரு" என்று எழுதியிருந்தாள். பதினைந்து டெஸ்ட் எழுதியும் முடித்துவிட்டாள். ரீட்ரை வரியில் 2 இருந்தது. 0 ஆக்கி, டிரேஸ் வரியையும் மாற்றித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நாளைக்கு அவளுடைய முதல் பில்டு.