பேர் போன பெட்டியும் ஒரு பொத்தான் பேட்டரியும்

கரூரில் வரி ஆலோசகராக இருக்கும் நண்பர் சென்ற வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டதால், அவருடைய அலுவலகத்தில் இருக்கும் நான்கு பழைய கணினிகளையும் மாற்றியாக வேண்டும். என் அலுவலகத்தில் மானிட்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கணினிப் பெட்டிகளைப் பார்த்த நாளிலிருந்தே அவருக்கு அவற்றின்மேல் ஒரு கண். “வாங்கலாமா, வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தார். மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் உழைத்த பொருளைப் பற்றி ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. அதிலும், டிசம்பர் 20-ஆம் தேதி அவற்றில் ஒன்று செய்த காரியத்தின் எரிச்சல் இன்னும் ஆறாத நிலையில், நான் நியாயமாகப் பேசுவேனா என்பதே சந்தேகம்.

2022 மே மாதம் ஐந்து பெட்டிகள் வாங்கினோம். பேர்போன் (barebone) வகை என்பதால் வெளிக்கூடும் தாய்ப்பலகையும் 11-ஆம் தலைமுறை ஐ3 பிராசசரும் அடாப்டரும் மட்டும் அதோடு வந்தன. ரேமையும் எஸ்எஸ்டியையும் நாமே வாங்கிப் பொருத்த வேண்டும், விண்டோஸ் உரிமமும் நம் செலவு. விலைப்பட்டியலில் ‘பேர்போன்’ என்று இருந்ததைப் படித்த எங்கள் மூத்த கணக்கர், “பேர் போன பெட்டியை எதுக்குங்க சார் காசு குடுத்து வாங்கறது?” என்று கேட்டார். பேர் போனது என்றால் புகழ் பெற்றது என்றும் கொள்ளலாம், பேரே போய்விட்டது என்றும் கொள்ளலாம். அன்றைக்கு நான் முதல் பொருளில் எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராமல் போகலாம். என்னைத் தொடக்கத்திலேயே அசத்தியது அதன் வேகம் அன்று. ஒரு நாலங்குலப் பலகையில் இரண்டு கோர் கொண்ட பிராசசரும் 16 ஜிபி ரேமும் டேலியையும் எக்செலையும் இருபது பிரவுசர் தாவல்களையும் தாங்குவதில் இன்று வியப்பதற்கு எதுவும் இல்லை. அசத்தியது யுபிஎஸ். எங்கள் பக்கத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போகும் மின்சாரம் மாலையில்தான் வரும். அதைத் தவிர, அறிவிக்காமல் போகும் அரைமணி நேரங்கள் தனி. பழைய டவர் கணினிகளுக்கு ஆளுக்கொரு 600 விஏ யுபிஎஸ் வைத்திருந்தோம். இருபது நிமிடம் தாண்டுவதற்குள் அது கூவத் தொடங்கிவிடும், பாதியில் இருக்கும் பதிவைச் சேமித்துவிட்டு எழுந்துபோய் டீ குடிப்பதுதான் வழக்கம். அதே யுபிஎஸ், அதே பேட்டரி. பெட்டி மட்டும் மாறியதும் மானிட்டரோடு சேர்த்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நின்றது. வாட் மீட்டரை வைத்துப் பார்த்தபோது, சும்மா இருக்கையில் பெட்டி 12 வாட்டுக்குப் பக்கத்திலும், வேலை செய்கையில் 30 வாட்டுக்குள்ளும்தான் எடுத்துக்கொண்டது. அந்த முதல் மின்தடையன்று ஒருவரும் டீக்கு எழவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. முதலாளியாக மகிழ்ந்தேன், மனிதனாகச் சற்று வெட்கப்பட்டேன்.

மேசையும் திரும்பக் கிடைத்தது. மானிட்டரின் பின்புறம் தாங்கி மாட்டுவதற்கென்று உள்ள வெசா துளைகளில் பெட்டியைத் திருகிவிட்டால், டவர் நின்றிருந்த இடத்தில் கோப்புகளை அடுக்கலாம், கால்களையும் நீட்டலாம். மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புள்ளி அச்சுப்பொறிக்கு யுஎஸ்பி மாற்றுக் கம்பி ஒன்று வாங்க வேண்டியிருந்தது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருக மானிட்டருக்குப் பின்னால் கையைவிட்டுத் துழாவக் கூடாது என்பதற்காக மேசை விளிம்பில் ஒரு யுஎஸ்பி ஹப்பை ஒட்டினோம். திருப்பூரில் எங்கள் தெருவில் பனியன் தைக்கும் கூடங்கள் இருப்பதால் காற்றிலேயே பஞ்சு மிதக்கும். அதைச் சின்ன விசிறி உறிஞ்சி, வெப்பத் தகடுகளின் வாயில் ஒரு மெல்லிய கம்பளியைப் போல நெய்து வைத்துவிடும். ஆண்டுக்கு இருமுறை தூரிகையால் எடுத்தால் போதும். இவை எதையும் குறையென்று சொல்ல மாட்டேன்.

இனி தலைப்பில் சொன்ன அந்தப் பொத்தான் பேட்டரிக்கு வருகிறேன்.

பெட்டி மானிட்டருக்குப் பின்னால் போய்விட்டால் அதன் பவர் பொத்தானும் பின்னால் போய்விடுகிறது. அதற்கு நாங்கள் கண்ட வழி, மின்சாரம் வந்தவுடன் கணினி தானாகவே உயிர்பெறும்படி, விண்டோஸுக்கு முன்பே விழிக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் அமைத்துவிடுவது. காலையில் கணக்கர் வந்து மெயின் சுவிட்சைப் போட்டு, யுபிஎஸ்களை முடுக்கினால், அவர் சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றி முடிப்பதற்குள் ஐந்து திரைகளும் தயாராக இருக்கும். இந்த ஏற்பாடு மூன்றரை ஆண்டுகள் பிசகாமல் நடந்தது. டிசம்பர் 20-ஆம் தேதி காலையில் நான்கு திரைகள்தான் எழுந்தன. ஐந்தாவதை, கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பொத்தானை அழுத்தி எழுப்பினோம். எழுந்ததும் அது 2021-ஆம் ஆண்டின் ஜனவரி முதல் நாளில் இருந்தது.

மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு 20-ஆம் தேதி என்றால் என்னவென்று தெரியும். ஜிஎஸ்டி மாதக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு அதுதான் கடைசி நாள். தளத்தைத் திறந்தால், உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று சொல்லிப் பிரவுசர் கதவைச் சாத்தியது. கணினியின் தேதிப்படி தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. கையொப்ப டோக்கனுக்கும் அதே கதி. தேதியைக் கையால் திருத்தி வேலையைத் தொடர்ந்தோம். பதினொரு மணிக்கு வந்த சின்ன மின்தடையின்போது அந்த இருக்கையின் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணைய, மறுபடியும் 2021. நிரப்பிக்கொண்டிருந்த படிவத்தை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. தாமதக் கட்டணம் யாருக்கும் விழவில்லை என்பது உண்மைதான், ஆனால் அன்று மாலை வரை அந்த இருக்கையில் இருந்த பெண் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தப் பட்டியலிலும் கட்டணம் இல்லை.

காரணம் அனைவருக்கும் தெரிந்ததுதான். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பாற்றத் தாய்ப்பலகையில் இருக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. அடாப்டரில் மின்சாரம் இருக்கும்வரை உள்ளிருக்கும் கடிகாரம் அந்த மின்சாரத்திலேயே ஓடும். அது இல்லாதபோதுதான் பேட்டரியைக் குடிக்கும். இருபது ஆண்டு வழக்கப்படி மாலையில் மெயினை அணைத்துவிட்டுப் போகும் எங்களைப் போன்ற அலுவலகங்களில் இரவு முழுவதும், ஞாயிறு முழுவதும், பொங்கல் விடுமுறை முழுவதும் அந்தப் பொத்தான் பேட்டரியே கடிகாரத்துக்குச் சோறு போடுகிறது. அது என்றாவது தீரத்தான் செய்யும். பழைய டவரிலும் தீர்ந்தது. நகத்தால் ஒரு கொக்கியை விலக்கினால் துள்ளி வெளியே வரும், பக்கத்துக் கடிகாரக் கடையில் இன்னொன்று வாங்கிச் செருகினால் முடிந்தது, கையில் கிரீஸ்கூட ஒட்டாது.

இந்தப் பெட்டியில் அப்படியில்லை. மேசைமேல் துண்டை விரித்து அதைக் கவிழ்த்து வைத்தேன். நான்கு திருகுகளைத் தளர்த்தியதும் அடித்தட்டு வந்தது, அதோடு ஒரு நாடாக் கம்பியும் வந்தது. ரேம் இரண்டும் கண்ணெதிரே, எஸ்எஸ்டி கண்ணெதிரே. பேட்டரியை மட்டும் காணோம். எஸ்எஸ்டியைக் கழற்றி, கடுகைவிடச் சற்றே பெரிய இரண்டு வைஃபை முனைகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு விலக்கி, பலகையைப் பிடித்திருந்த திருகுகளை எடுத்து, பின்பக்கத் துளைகளிலிருந்து சாய்த்து மேலே தூக்கினால், விசிறிக்குப் பக்கத்தில் கறுப்பு உறை போட்டு, இரண்டு பக்கமும் ஒட்டும் நாடாவால் ஒட்டப்பட்டு, சிவப்பும் கறுப்புமாக இரண்டு மெல்லிய கம்பிகளோடு, அரிசி அகலத்துக்கு ஒரு வெள்ளைச் செருகியின் முனையில் அது இருந்தது. உறையை உரித்தால் உள்ளே இருப்பது 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட, அதே ஊரறிந்த சிஆர்2032. 3 வோல்ட் காட்ட வேண்டியது 2.2 காட்டியது.

கடிகாரக் கடையில் அந்த பேட்டரி உண்டு, கம்பி கிடையாது. கம்பியை நேரடியாகப் பற்றவைக்கலாமா என்று கேட்டதற்கு, லித்தியம் பேட்டரியின் முதுகில் சூட்டுக்கோலை வைத்தால் வெடிக்கும் என்று லேப்டாப் பழுது பார்க்கும் தம்பி சரியாகவே தடுத்துவிட்டார். அவரது இழுப்பறையில் பழைய லேப்டாப்புகளுக்கென்று கம்பி வைத்த பேட்டரிகள் கிடந்தன. ஒன்றின் செருகி அப்படியே பொருந்தியது. செருகப்போன என் கையைப் பிடித்து நிறுத்தி, “சார், கலரைப் பாருங்க” என்றார். எங்கள் பெட்டியில் சிவப்பு இருந்த பக்கத்தில் இதில் கறுப்பு இருந்தது. செருகியின் உருவம் ஒன்றாக இருந்தும் நேர்முனை எந்தப் பக்கம் என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒற்றுமை இல்லையாம். குண்டூசி நுனியால் செருகியின் பிளாஸ்டிக் நாக்கைத் தூக்கி, இரண்டு கம்பிகளையும் உருவி, இடம் மாற்றிச் செருகிக் கொடுத்தார். அந்தக் குண்டூசி இல்லாவிட்டால் நான் ஒரு தாய்ப்பலகையைக் கொன்றிருப்பேன்.

இதற்கு முன்பே, முறைப்படி, தயாரித்த நிறுவனத்தின் சேவை மையத்தையும் அழைத்திருந்தேன். மூன்றாண்டு உத்தரவாதம் மே மாதத்தோடு முடிந்துவிட்டது. பேட்டரியைத் தனியாக விற்பதில்லை. பெட்டியைக் கொண்டுவந்தால் பார்க்கலாம். எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது. பணிவாகத்தான் பேசினார்கள். எரிச்சல் அதனால் குறையவில்லை.

நியாயத்தையும் பார்க்க வேண்டும். நாலங்குலப் பலகையில் இரண்டு ரேம் துளைகளும் எஸ்எஸ்டிக்கான எம்.2 துளையும் போக, ஒரு ரூபாய் நாணயம் போன்றதைப் படுக்கவைக்கும் தாங்கிக்கு இடம் இருக்காது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒட்டும் நாடாவை விசிறிப் பக்கத்தில் ஒட்டியவர், ரேம் இருக்கும் பக்கத்திலும் ஒட்டியிருக்கலாமே, கம்பிதான் இருக்கிறதே. பேர்போன் என்ற வகையை வாங்குவதே, உள்ளே இருப்பதைத் திறந்து நம் விருப்பப்படி மாற்றலாம் என்பதற்காகத்தான். மூன்றரை ஆண்டுகளில் ரேமை நான் ஒருமுறைகூடத் தொடவில்லை, எஸ்எஸ்டியையும் மாற்றவில்லை. மாற்றத் தேவைப்பட்ட ஒரே பொருளை மட்டும் அவர்கள் பூட்டி வைத்திருந்தார்கள். வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம்; நூறு ரூபாய்க்கு வாங்கியது 2025 மார்ச் முடிவில் என் ஏட்டில் 21 ரூபாய் 60 காசாக நிற்கிறது. அந்த மிச்சத்தையும் முடக்க நாற்பது ரூபாய் பேட்டரி ஒன்று போதும் என்று எந்தச் சட்டப் பிரிவும் எனக்குச் சொல்லவில்லை.

நண்பரின் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2022-இல் 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்றை 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். இப்போது அதே துண்டுக்குக் கடைக்காரர் சொல்லும் விலை அதன் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு வேண்டிய நினைவகத்தின் பக்கம் உற்பத்தியாளர்கள் திரும்பிவிட்டார்கள். நினைவகம் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம், கடைகளில் விற்கும் குரூஷியல் என்ற தன் நுகர்வோர் வணிகத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. வெறும் பெட்டியை வாங்கி, ரேமைத் தனியே மலிவாகப் பொருத்திக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு இன்று அப்படியே கவிழ்ந்துகிடக்கிறது. இந்த அளவுப் பெட்டிகளை ஊரெங்கும் பரப்பிய இன்டெலே 2023 ஜூலையில் நக் (NUC) என்ற தன் சின்னக் கணினி வரிசையில் நேரடி முதலீட்டை நிறுத்திக்கொண்டு, அதை ஏசஸிடம் கொடுத்தது. ஐந்தாண்டு கழித்து ஓர் உதிரிபாகத்துக்கு யாரிடம் போய் நிற்பது என்ற கேள்வியை நண்பர் இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. ரேமும் எஸ்எஸ்டியும் விண்டோஸ் உரிமமும் சேர்த்தே வரும் சின்னக் கணினிகள் இதே பருமனில் கிடைக்கின்றன. வாடிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில் அப்படி ஒன்றைத் திறந்து பார்த்தேன், மூடியை எடுத்தவுடன் பேட்டரி தாங்கியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

ஆகவே அவருக்கு ஒரே வார்த்தையில் எழுதினேன்: வேண்டாம். எழுதிய கணினி அந்த ஐந்தில் ஒன்று என்பதையும், என்னிடம் உள்ளவற்றை மாற்றும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை என்பதையும், இதைவிட அமைதியான, இதைவிடக் குறைவாகத் தின்கிற இயந்திரத்தோடு நான் வேலை செய்ததில்லை என்பதையும் அதில் சேர்க்கவில்லை.

மீதி நான்குக்கும் ஒன்றன்பின் ஒன்றாக முறை வரும் என்பதால், கம்பி மாற்றிய நான்கு பேட்டரிகளைத் தம்பியிடமே வாங்கி, முத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மாலையில் மெயினை அணைக்க வேண்டாம், இரவில் யுபிஎஸ் ஓடினால் பொத்தான் பேட்டரி மிச்சமாகும் என்று கணக்கரிடம் விளக்கியும் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “சரிங்க சார்” என்றார். மறுநாள் காலையில் நான் முன்னதாக வந்து கதவைத் திறந்தபோது, மெயின் சுவிட்ச் கீழேதான் இருந்தது.