சுவிஸா, திருகோணமலையா?

ஓய்வு பெறப்போகும் என் மச்சானுக்குக் குழப்பம்: சூரிச்சிலேயே இருப்பதா, திருகோணமலையில் உள்ள எங்கள் உப்புவெளிக்குத் திரும்புவதா?

மருத்துவம்: அங்கே காப்புறுதி கட்டாயம். மாதக் கட்டணம் போக, பெரியவர்களுக்கு வருடத்து வைத்தியச் செலவில் முதல் 300 பிராங்காவது கைக்காசு. இங்கே அரசு ஆஸ்பத்திரி இலவசம். ஆனால் வரிசை நீளம், சில மருந்து வெளியே வாங்கவேண்டும், பெரிய வருத்தமென்றால் கண்டிக்கோ கொழும்புக்கோ ஓடவேண்டும்.

காசு: சுவிஸ் குடியுரிமை இருப்பதால் அவருடைய ஓய்வூதியம் இங்கேயும் வரும். பிராங்கில் வரவு, ரூபாயில் செலவு! ஆனால் 2022இல் இங்கே பெட்ரோலுக்கு வரிசையில் நின்றதையும் நினைக்கத்தான் வேண்டும்.

போக்குவரத்து: அங்கே ரயிலைப் பார்த்து மணிக்கூட்டைத் திருத்தலாம். இங்கே... சரி, விடுங்கள்.

சனம்: அங்கே இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது, ஞாயிறு கடைகள் பூட்டு. பேர்னில் கோயில் உண்டு, ஆனால் ரயிலேறிப் போகவேண்டும். இங்கே சொல்லாமல் ஆள் வந்து மீன்குழம்பு போதாமல் போகும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

அடிக்கடி வைத்தியரிடம் போகிறவருக்கு சுவிஸ்தான். உடம்பு ஒத்துழைத்தால், தனிமை தாங்காவிட்டால், இங்கே. மச்சானுக்கு இரண்டும் பாதிப்பாதி. குளிருக்குப் பயந்து டிசம்பரில் வந்தால் இங்கே மாரி மழை. முதலில் பங்குனியில் வந்து மூன்று மாதம் இருந்து பார்க்கட்டும்.