மூன்று அடுக்கு கேரியர், சோறு மட்டும் கிடையாது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். மதியம் ஒரு மணிக்குப் பதினோரு பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். மற்றவர்கள் டப்பாவைத் திறந்தால் புளிசாதம், ரசஞ்சாதம், தயிர்சாதம். என் கேரியரைத் திறந்தால் முட்டைக் குழம்பு, கோஸ் பொரியல், அரைக்கீரை மசியல். முதல் நாள் எதிரே இருந்த பற்றவைப்பு அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, சோத்த வீட்டுலயே மறந்துட்டியா?" என்றார்.

மறக்கவில்லை. சோறு வைக்காமல் அனுப்பச் சொல்லித்தான் ஒரு சாப்பாட்டுக்கு 170 ரூபாய் கொடுக்கிறேன்.

அழகாபுரம் பக்கம் ஒரு அக்கா தன் வீட்டு அடுப்பிலேயே 'லோ கார்ப்', அதாவது மாவுச்சத்து குறைந்த மதியச் சாப்பாடு சமைத்து எவர்சில்வர் கேரியரில் அனுப்புகிறார். இதுவரை 36 சாப்பாடு வாங்கியிருக்கிறேன். பெயர் போடவில்லை. குறையும் எழுதப்போகிறேன், அவர் இரண்டு உதவியாளர்களோடு ஓட்டுகிற சின்ன அடுப்பு, பெயரைச் சொல்லி இழுக்க மனசில்லை.

எனக்கு ஏன் இது தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வயது 29. பீரியட்ஸ் எழுபது நாளுக்கு ஒருமுறை, சில சமயம் அதற்கும் மேல். தாடையில் முடி, பின்கழுத்தில் கருமை. ஸ்கேன் எடுத்ததும் பிசிஓஎஸ் என்றார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் 'கர்ப்பப்பையில நீர்க்கட்டியாம்' என்று பரப்பிவிட்டார்கள். அது கர்ப்பப்பையில் இல்லை, சினைப்பையில். கட்டியும் இல்லை, பாதி வளர்ச்சியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள் ஸ்கேனில் அப்படித் தெரிகின்றன. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் காது கொடுக்காதபோது கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த அதிக இன்சுலின் சினைப்பையை உசுப்பி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. ஈரல் சுரக்கும் ஒரு புரதம் அந்த ஹார்மோனைப் பிடித்து வைத்திருக்கும், அதுவும் குறைந்துவிடுகிறது. பிசிஓஎஸ் உள்ள எல்லோருக்கும் இப்படியில்லை, ஆனால் நிறையப் பேருக்கு இதுதான் கதை. ராத்திரிக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "மாவுச்சத்தைக் குறைங்க" என்றார்.

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு மாவுச்சத்தைக் குறைப்பது! அப்பா ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். மரவள்ளிக் கிழங்கு மாவில்தான் நாங்கள் படித்தோம், அக்காவுக்குக் கல்யாணமும் ஆனது. 1981இல் ஆரம்பித்த சேகோசர்வ் என்ற ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் கூட்டுறவு ஊருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவரே ஆலை முதலாளி மாதிரி எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். அந்த ஜவ்வரிசியில் கிட்டத்தட்ட மாவுச்சத்தைத் தவிர வேறெதுவும் கிடையாது. அவரிடம் போய் 'இனிமேல் எனக்கு ஜவ்வரிசிக் கஞ்சி வேண்டாம்' என்று சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

அந்த அக்கா எங்கே ஜெயிக்கிறார் என்றால், நம்ம ஊர்ச் சமையலை நம்ம ஊர்ச் சமையலாகவே செய்கிற நாட்களில். வியாழக்கிழமை பள்ளிபாளையம் சிக்கன். சின்ன வெங்காயம், கிள்ளிப் போட்ட காய்ந்த மிளகாய், தேங்காய்ப் பல், நல்லெண்ணெய், அவ்வளவுதான். மசாலாத் தூளும் இல்லை, மாவுச்சத்து என்று பெரிதாகச் சொல்லவும் எதுவுமில்லை. கொங்கு நாட்டில் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு எதற்கு வெளிநாட்டு சாலட்டைத் தேடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. சனிக்கிழமை மேட்டூர் மீன் கிடைத்தால் குழம்பு, கூட சுரைக்காய்ப் பொரியல். குழம்பில் புளி குறைவு, வெல்லம் கிடையாது, கெட்டிக்குத் தேங்காய் அரைத்து விடுகிறார். புடலங்காய்க் கூட்டில் பாசிப்பருப்பு பேருக்கு ஒரு ஸ்பூன். பொரியல் அளவு வீட்டில் வைப்பதைப்போல மூன்று மடங்கு, அடுக்கு முழுக்க. இலை ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளிவிட்டார், அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். சைவக்காரர்களுக்குப் பனீரும் காளானும் மாறி மாறி வருவதாகச் சொன்னார். எனக்கு அது தேவைப்படவில்லை.

எங்கே தோற்கிறார் என்றால், சோறு மாதிரி, தோசை மாதிரி என்று 'மாதிரி' செய்யப் போகும்போது. காலிஃபிளவரைத் துருவி 'சாதம்' என்று வைக்கிறார். சூடாகக் கேரியரில் அடைத்து அழகாபுரத்திலிருந்து செவ்வாய்ப்பேட்டைக்கு வருவதற்குள் உள்ளேயே வியர்த்து, மூடியைத் திறந்தால் காயாத துணி வாடை. பாதாம் மாவு தோசை மத்தியானத்துக்கு ரப்பர். ஒருநாள் அதை இழுத்துப் பிய்த்துக்கொண்டிருந்தபோது பற்றவைப்பு அண்ணன், "கம்பி இழுக்கிற மிஷின்ல குடுத்துப் பாக்கலாமா?" என்றார். சிரிப்பு வந்ததே தவிர தோசை உள்ளே போகவில்லை.

என் பெரிய சண்டை செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டோடு. அன்றைக்குச் சாமை பிரியாணி, 'லோ கார்ப் ஸ்பெஷல்' என்று பட்டியலில் போட்டிருக்கிறார். எனக்குச் சந்தேகம் வந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுப் பட்டியலில் பச்சரிசி, புழுங்கலரிசி எல்லாம் நூறு கிராமுக்கு 77, 78 கிராம் அளவில் மாவுச்சத்து. சாமை 66, கேழ்வரகு 67. நார்ச்சத்து கூடுதல், தாதுச்சத்து கூடுதல், நல்ல தானியம்தான், ஆனால் லோ கார்ப் கிடையாது. ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டால் அரிசியின் தம்பி அவ்வளவுதான். அத்தைக்குச் சர்க்கரை உண்டு, வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வந்து பட்டறையிலேயே விரலைக் குத்திப் பார்த்தேன். சாமை பிரியாணி அன்று சாப்பிடும் முன் 92, இரண்டு மணி நேரம் கழித்து 151. பள்ளிபாளையம் சிக்கன் அன்று அதே நேரக் கணக்கில் 104. இது என் உடம்பு, என் விரல், எல்லோருக்கும் இதே எண் வராது. இரண்டையும் எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். "சிறுதானியம்னாலே சனங்க சந்தோஷமா வாங்குறாங்க கண்ணு, நான் என்ன பண்றது?" என்று பதில் வந்தது. வியாபாரியாக அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பட்டியலில் எழுதியிருப்பது மட்டும் தவறு.

வெள்ளிக்கிழமை 'சர்க்கரை இல்லாத பாயசம்' இன்னொரு கூத்து. வெள்ளைச் சர்க்கரை இல்லைதான். பேரீச்சம்பழத்தை அரைத்து ஊற்றியிருக்கிறார், அதில் இருப்பதும் சர்க்கரைதான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அவருடைய விளம்பரத் தாளைப் பார்த்துத்தான். 'தொண்ணூறு நாளில் நீர்க்கட்டி கரையும்' என்று பெரிய எழுத்தில். இது சாப்பாடு, மந்திரம் இல்லை. பிசிஓஎஸ் பற்றி 2023இல் வந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டுதலே எந்த ஒரு உணவுமுறையையும் மற்றதற்கு மேலே தூக்கி வைக்கவில்லை. விட்டுவிடாமல் தொடர முடிகிற, சத்தான சாப்பாடு எதுவானாலும் சரி என்கிறது. டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். எனக்குச் சோறு கண்ணில் பட்டால் அளவு தெரியாது, அதனால் இந்த வழி பொருந்துகிறது. அளவோடு நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு அரைக் கப் சோறும் மூன்று கரண்டி பொரியலுமே போதும், 170 ரூபாய் மிச்சம்.

முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் தலைவலி, கால் வெடவெடப்பு, கொலுசு எடையைத் தப்பாக எழுதி ஓனரிடம் திட்டு. அக்காவிடம் சொன்னதும் மறுநாளிலிருந்து ஒரு சின்ன பாட்டில் உப்பு மோரும், இரண்டு நாளைக்கு ஆட்டெலும்பு சூப்பும் சேர்த்து அனுப்பினார், கூடக் காசு வாங்கவில்லை. மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் இன்சுலின் இறங்கி, சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளும். அந்தக் காரணம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அங்கேதான் அவர்மேல் மரியாதை வந்தது. நான்கு நாளில் தலைவலி போனது. ஒன்று சொல்கிறேன், சர்க்கரைக்கு இன்சுலின் ஊசியோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது, சர்க்கரை தாழ்ந்துபோகும். இரத்த அழுத்த மாத்திரைக்காரர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

வீட்டில் அத்தைக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. "சோறு திங்காம ஒடம்புல எப்படி கண்ணு தெம்பு இருக்கும்?" என்று தினம் ஒரு தடவை. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா வாரம் கூழை வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். அந்த வாரம் கேரியரை நிறுத்தச் சொன்னேன். நாளைக் கழித்துக்கொண்டு அடுத்த வாரம் சேர்த்துக் கொடுத்தார். காசு விஷயத்தில் ரொம்பச் சுத்தம்.

சாயங்காலம் தட்டுவடை செட் வண்டியைத் தாண்டிப் போவதுதான் பெரிய சோதனை. இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். தட்டுவடைக்குப் பதில் வெள்ளரிக்காய் வில்லை, மேலே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், பூண்டுச் சட்னி, புதினாச் சட்னி எல்லாம் வழக்கம்போல. வண்டிக்கார அண்ணன் முதலில் முறைத்தார். அப்புறம் செட் விலையையே வாங்கிக்கொண்டு வெள்ளரியைத் தடிமனாக நறுக்கிக் கொடுக்கிறார். மொறுமொறுப்பு இல்லை, அது இல்லாத செட் செட்டே இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆறு வாரத்தில் இரண்டு கிலோ முன்னூறு குறைந்திருக்கிறது. பீரியட்ஸ் இந்த முறை 41ஆம் நாள் வந்தது. மாத்திரை, மாலையில் அரை மணி நேர நடை, கேரியர், மூன்றுக்கும் பங்கு உண்டு, எல்லாப் புகழையும் கேரியருக்குக் கொடுக்க மாட்டேன். தாடை முடி அப்படியேதான் இருக்கிறது. அதற்கு மாதக்கணக்காகும் என்று டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார்.

இப்போது திங்கள், வியாழன், சனி மட்டும் வாங்குகிறேன். மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆகிறது, என் சம்பளத்துக்கு அதுதான் எல்லை. மற்ற நாட்களில் அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொண்டதை நானே செய்கிறேன், ஐந்தரைக்கு எழுந்தால் முடிகிறது. கேரியர் பன்னிரண்டே முக்காலுக்கு வந்துவிடும், 36 நாளில் இரண்டே நாள் தாமதம், இரண்டும் ஐந்து ரோடு நெரிசலில். வாங்குகிறவர்கள் காலிஃபிளவர் சாதத்தையும் தோசையையும் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதற்குப் பதில் இன்னொரு பொரியல் வைக்கிறார். வெள்ளிக்கிழமை வாங்கினால் பாயசத்துக்குப் பதில் அவித்த முட்டை கேளுங்கள், இரண்டாக வைப்பார்.