தாதரில் ஒரு மராத்தி மாலை, அம்மாவோடு

எனக்கு ஊர் என்றால் மும்பையில் மாட்டுங்கா. பிறந்து வளர்ந்தது அங்கேதான். டொரன்டோவுக்குப் போய் 18 வருஷம் ஆகிறது. இந்தத் தடவை மூன்று வார லீவில் வந்திருந்தேன். அம்மாவுக்கு 78 வயது, இரண்டு முழங்காலும் வலி. "தாதர்ல மராத்திப் பாட்டும் ஆட்டமுமா ஒரு நிகழ்ச்சி நடக்கறதாம், கூட்டிண்டு போறியா?" என்று அவளே கேட்டாள். கேட்காதவள் கேட்டதால் எப்படியும் போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

டிக்கெட்டிலேயே முதல் சிக்கல். செயலி இந்திய எண்ணுக்குத்தான் ஓடிபி அனுப்பியது, என் கனடா கார்டையும் ஏற்கவில்லை. சரி என்று மறுநாள் காலை அரங்கத்துக்கே போனேன். கவுன்டரில் வயதான ஒரு காகா (மராத்தியில் மாமா மாதிரி) இருந்தார். யாருக்கு டிக்கெட் என்று கேட்டார். அம்மாவுக்கு என்றதும் அவருடைய அடுத்த கேள்வி: "ஆஜியால் (பாட்டியால்) படி ஏற முடியுமா?" செயலியில் இருக்கை எங்கே என்று தெரியும், அதற்குப் போகும் வழியில் எத்தனை படி என்று தெரியாது. காகா ஒரு படிகூட ஏறாத ஓர வரிசையில் இரண்டு இடம் கொடுத்தார். ஒன்று 500 ரூபாய்.

மூன்றாவது மணி அடித்ததும் திரை சரியான நேரத்துக்கு எழுந்தது. மராத்தி நாட்டுப்புறக் கூத்தான தமாஷாவின் முறைப்படி முதலில் 'கண்' என்ற கணபதி துதிப்பாட்டு, அப்புறம் கிருஷ்ணனும் கோபியரும் வரும் கவளண். அடுத்து ஷாஹிர் என்னும் நாட்டுப்புறப் பாடகர் ஒருவர் டஃப் என்ற பறையைத் தட்டிக்கொண்டு போவாடா என்ற வீரக்கதைப் பாட்டைப் பாடினார். 1659-இல் பிரதாப்கட் அடிவாரத்தில் சிவாஜி அஃப்சல்கானைச் சந்தித்த கதை. பள்ளிக்கூடத்தில் நான் மனப்பாடம் செய்த கதைதான், ஆனாலும் அவர் குரல் ஏற ஏற எனக்குக் கை சில்லிட்டது. மீனவர்களின் கோளி நடனத்துக்கு மட்டும் பதிவு செய்த பாட்டைப் போட்டார்கள். ஆடியவர்கள் நன்றாகவே ஆடினார்கள், எனக்குத்தான் ஒட்டவில்லை.

ஏன் என்று லாவணி என்ற பாட்டோடு கூடிய ஆட்டத்தில் புரிந்தது. ஆடியவளுக்கு ஒன்பது கஜப் புடவை, காலில் கனத்த சலங்கை. பக்கத்தில் டோல்கி மேளம் வாசித்தவர் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு அடியைத் தாமதித்தால் அவரும் கையை நிறுத்திக் காத்திருந்தார். அவர் ஒரு உருட்டு உருட்டினால் அவள் புருவத்தால் பதில் சொன்னாள். இரண்டு பேரும் பேசிக்கொள்வது போலவே இருந்தது. அப்புறம் அவள் உட்கார்ந்தபடியே ஒரு லாவணிக்கு அபிநயம் பிடித்தாள். பைடகீச்சி லாவணி, அதாவது உட்கார்ந்த லாவணி என்பார்கள். முகமும் கையும் மட்டும்தான். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, ஒவ்வொரு தடவையும் வேறு அர்த்தம். அம்மா என் கையைப் பிடித்து, "நம்ம பதம் மாதிரின்னா இருக்கு" என்றாள்.

லாவணி வந்தது இரண்டாம் பாதியில். அதற்கு முன்னால் நடந்ததுதான் மனசு ஆறாத விஷயம்.

இடைவேளையில் படாட்டா வடையும் டீயும் சூடாகக் கிடைத்தன, சுத்தமாகவும் இருந்தன. ஆனால் பெண்கள் கழிப்பறை மாடியில். லிஃப்ட் இருந்தது, பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று காவலாளிக்குத் தெரியவில்லை. தேடிப் பிடித்து, மேலே போய், வரிசையில் நின்று, திரும்பி இறங்குவதற்குள் மணி அடித்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். பாட்டு முடியும்வரை உள்ளே விட மாட்டார்களாம். அந்த விதி நியாயமானதுதான்.

உள்ளே நடந்தது வாரி. ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு மூன்று வாரம் நடந்தே போகும் யாத்திரையை மேடையில் காட்டுகிறார்கள். தாளமும் பக்வாஜ் மேளமும் கதவைத் தாண்டிக் கேட்டன. அம்மா அத்தனை வருஷம் மாட்டுங்கா பஜனைகளில் துக்காராமின் அபங்கம் என்ற பக்திப் பாடல்களைப் பாடியவள். இதற்காகத்தான் வரவே ஆசைப்பட்டாள். வராந்தா சுவரில் சாய்ந்து, தொடையில் தாளம் போட்டபடி கேட்டுக்கொண்டு நின்றாள். உட்கார அங்கே ஒரு நாற்காலிகூட இல்லை.

அந்த வராந்தாவில் பழைய நாடகப் படங்கள் மாட்டியிருந்தார்கள். 1843-இல் சாங்கலியில் விஷ்ணுதாஸ் பாவே நடத்திய சீதா சுயம்வரத்திலிருந்துதான் மராத்தி நாடக மேடையின் வயதைக் கணக்கிடுகிறார்கள். அதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் முன்பே தஞ்சாவூரில் சகஜி மன்னர் மராத்தியில் நாடகம் எழுதியிருக்கிறார். அம்மாவிடம் அதைச் சொல்லத் தோன்றியது, ஆனால் அவள் பாட்டில் இருந்தாள்.

மறுநாள் காகாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. பதிவேட்டை எடுத்து வைத்து, "எழுதுங்கள் தாயி (அக்கா), எழுதினால்தான் மேலே போகும்" என்றார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் மராத்தியில் எழுதியது அன்றுதான். லிஃப்ட் சாவி நிகழ்ச்சி முடியும்வரை வாசல் காவலாளியிடம் இருக்க வேண்டும், வராந்தாவில் நான்கு நாற்காலி வேண்டும், வாரியை இடைவேளை முடிந்த உடனே வைக்கக் கூடாது. மூன்றையும் எழுதி, கீழே அம்மாவின் பெயரையும் வயதையும் போட்டேன்.