புளிக்காய்ச்சல் கறையோடு ஒரு கேம்பர்: நான்கு வருட அனுபவம்

2021 கடைசியில் இந்த கேம்பர் டிரெய்லரை, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போய் நிறுத்திய இடத்தில் கூடாரமாக விரிக்கிற வண்டியை, செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். அப்போது மூத்தவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு. இடைப்பட்ட காலத்தில் மெல்பர்னிலிருந்து மூன்று பெரிய பயணம் போய் வந்தாயிற்று: ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர், ஊட்னடாட்டா டிராக், கடைசியாக உலுரு வழியாக ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். வாங்கும் முன் நான் தேடித் தேடிப் படித்த ரிவ்யூ எல்லாம் டிரெய்லரின் சட்டம் எத்தனை மில்லிமீட்டர் இரும்பு, சஸ்பென்ஷன் எப்படி என்பதைத்தான் பேசின. சாயங்காலம் ஆறு மணிக்கு, பசியோடு அழுகிற இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதை எப்படி விரிப்பது என்று ஒருவரும் எழுதவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இது. கம்பெனி பெயர் கேட்காதீர்கள். இந்த ரகத்தில் எல்லாமே ஏறக்குறைய ஒன்றுதான், குறைகள் உட்பட.

எங்களுடையது மேல்மூடி முன்பக்கமாகப் புரண்டு விழுந்து படுக்கையாகிற ஃபார்வர்ட் ஃபோல்ட் ரகம். மேலே பெரியவர்கள் படுக்கை. உள்ளே இருக்கிற சோஃபாவும் மேசையும் ராத்திரியில் பிள்ளைகளுக்குக் கட்டிலாகும். அடுப்பும் ஃப்ரிட்ஜும் பக்கவாட்டில் டிராயர் மாதிரி வெளியே இழுக்கிற வசதி. சாமான் ஏற்றியபின் 1,700 கிலோவைத் தொடும். இழுப்பது எங்கள் பழைய டீசல் பிராடோ கார்.

விற்றவர் ஐந்தே நிமிடத்தில் விரித்துக் காட்டினார். பொய் இல்லை, விரிவது ஐந்து நிமிடம்தான். அதற்குப் பிறகு கம்பிகளை நிமிர்த்தி, கேன்வாஸை இழுத்து, வாசலுக்கு ஆவ்னிங் என்கிற துணிப்பந்தல் கட்டி, முளை அடித்து, மெத்தையைச் சரிசெய்து, மேசையைக் கட்டிலாக்கி முடிக்க இன்றைக்கும் எங்களுக்கு 35 நிமிடம் ஆகிறது. முதல் பயணத்தில் ஃபிளிண்டர்ஸ் மலையில் இருக்கிற வில்பீனா பவுண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஜூலை மாதம், அங்கே ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். கணவர் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு ஒரு கம்பியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்கிறார், அந்தக் கம்பி எந்த ஓட்டைக்குரியது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மகள் டாய்லெட் என்கிறாள். சின்னவனுக்கு டயப்பர் மாற்ற வேண்டும், டயப்பர் பை இன்னும் முழுதாக விரியாத கூடாரத்துக்குள். மூடியிருக்கும்போது உள்ளே இருக்கிற ஒரு கைக்குட்டையைக்கூட எடுக்க முடியாது என்பதுதான் இந்த ரகத்தின் பெரிய சாபம். அன்று ராத்திரி சாப்பாடு பிஸ்கட்டும் பாலும்.

அந்த ஒரு ராத்திரியில் எங்கள் திட்டமிடுதலே தலைகீழானது. அதுவரை வரைபடத்தை வைத்து ‘ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்’ என்று கணக்குப் போட்டோம். இப்போது கணக்கு மூன்று மணியிலிருந்து தொடங்குகிறது. மூன்று மணிக்கு வண்டி நின்றாக வேண்டும். அப்படிப் பார்த்தால் தார்ச்சாலையில் 350, செம்மண் சாலையில் 200 கிலோமீட்டர்தான் ஒரு நாள். கூடவே, விரித்தால் இரண்டு ராத்திரி. ஒரே ராத்திரிக்காக விரித்து மடக்குவது பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு வேலைக்காகாது. வழியில் ஒரு ராத்திரி மட்டும் தங்க வேண்டிய இடங்களில் கேபின் வாடகைக்கு எடுத்துவிடுகிறோம். ‘கேம்பர் வைத்துக்கொண்டு கேபினா?’ என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும்.

விரிவாகச் சொல்ல வேண்டியது 2023இல் போன ஊட்னடாட்டா டிராக். தென் ஆஸ்திரேலியாவில் மரீ என்கிற குட்டி ஊரிலிருந்து மார்லா வரை 620 கிலோமீட்டர் அளவுக்கு மண் சாலை, பழைய கான் ரயில் பாதையை ஒட்டியே போகும். 1980இல் ரயிலை மேற்கே மாற்றிவிட்டார்கள், இடிந்த ஸ்டேஷன்களும் பாலங்களும் அப்படியே நிற்கின்றன. மெல்பர்னிலிருந்து மரீ போகவே 1,300 கிலோமீட்டருக்கு மேல், எங்கள் கணக்கில் நான்கு நாள். இரண்டு வாரப் பள்ளி விடுமுறை பத்தாது. ஒரு வாரம் சேர்த்து லீவு எழுதிக் கொடுத்தோம்.

ஊரிலிருந்து அத்தை போனில், “பச்சப் புள்ளைங்கள கூட்டிக்கிட்டு ஆளே இல்லாத காட்டுக்கு எதுக்கும்மா போறீங்க?” என்றார். அவர் கவலையில் நியாயம் இருந்தது. இதே ஊட்னடாட்டாவில்தான் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவானது. கோடையில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. ஜூன், ஜூலையில் பகலில் இதமான வெயில். ராத்திரி குளிர் மட்டும் எலும்பைத் தொடும்.

முதல் அடி எல்லை தாண்டும்போதே விழுந்தது. மில்டூரா தாண்டித் தென் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைகிற இடத்தில், யாம்பாவில், பழ ஈ பரவாமல் தடுக்கிற சோதனைச்சாவடி இருக்கிறது. ஆப்பிள், ஆரஞ்சு கொண்டுபோகக் கூடாது என்று தெரியும், வீட்டிலேயே விட்டுவிட்டோம். தக்காளியும் பச்சை மிளகாயும் அந்தப் பட்டியலில் வரும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அரைக் கிலோ மிளகாய் என் கண்ணெதிரே தொட்டிக்குள் போனது. அதன்பின் மூன்று வாரமும் வற்றல் மிளகாய்தான்.

பெட்ரோல் டீசல் விஷயத்தில் நாங்கள் தேவையில்லாமல் பயந்தோம். டிரெய்லர் இழுத்தால் எங்கள் பிராடோ 100 கிலோமீட்டருக்கு 17 லிட்டர் குடிக்கிறது. இரண்டு டேங்கும் சேர்த்து 150 லிட்டர், அதாவது 850 கிலோமீட்டருக்குமேல் ஓடும். மரீயிலிருந்து 200 கிலோமீட்டரில் வில்லியம் கிரீக், அங்கிருந்து இன்னொரு 200இல் ஊட்னடாட்டா, அப்புறம் 210இல் மார்லா. எல்லா இடத்திலும் டீசல் கிடைக்கும், விலைதான் கண்ணைக் கட்டும். இரண்டு ஜெர்ரி கேனில் 40 லிட்டர் சுமந்துபோய் அப்படியே திரும்பக் கொண்டுவந்தோம். அந்த எடைக்குத் தண்ணீர் ஏற்றியிருக்கலாம். 100 லிட்டர் டேங்க், பாத்திரம் கழுவி, முகம் துடைத்து, சமைத்து ஒரு நாளைக்கு 25 லிட்டர் போனது. அந்த ஊர்களில் குழாயில் வருகிற போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், பிள்ளைகள் ஒரு மடக்குக்கு மேல் தொடவில்லை. குடிக்க மட்டும் தனியாக 20 லிட்டர் கேன் இரண்டு வைத்திருந்ததுதான் காப்பாற்றியது.

மரீயில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டோம். ஒரே ஒரு ராத்திரி மழை. காலையில் பார்த்தால் சாலையை மூடியாயிற்று. மூடிய சாலையில் வண்டி ஓட்டினால் அபராதம். அபராதத்தை விடுங்கள், அந்தக் களிமண் சக்கரத்தில் அப்பி மட்கார்டு வரை அடைத்துக்கொண்டால் வண்டி நகராது. திட்டத்திலேயே இரண்டு நாள் சும்மா விட்டிருந்ததால் பதற்றம் இல்லை. பிள்ளைகள் பழைய டீசல் ரயில் எஞ்சின்களைச் சுற்றி ஓடினார்கள். அங்கே, அந்தக் காலத்தில் பாலைவனத்தில் சாமான் சுமந்த ஆஃப்கன் ஒட்டகக்காரர்கள் கட்டிய மசூதியின் மாதிரி ஒன்று இருக்கிறது, மண்சுவரும் கூரையுமாக ஒரு சின்னக் கொட்டகை. “இதுக்குள்ள ஒட்டகம் வருமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான் சின்னவன்.

சாலை திறந்தபின்தான் கோருகேஷன் என்றால் என்ன என்று தெரிந்தது. மண் சாலையில் வண்டி ஓடி ஓடி, வரிசையாய் அலை அலையாக வரம்பு கட்டியிருக்கும். அதன்மேல் போவது அம்மிக்கல்லில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பயணம் செய்கிற மாதிரி. டயரில் காற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் எடைக்கு காரில் 28, டிரெய்லரில் 26 பிஎஸ்ஐ, வேகம் 70ஐத் தாண்டாமல். அப்படியும் இரண்டாம் நாள் நிறுத்திப் பார்த்தபோது ஒரு போல்ட் விரலால் திருகுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது. அதிலிருந்து தினமும் காலையில் ஸ்பேனரோடு ஒரு சுற்று வருவது அவருடைய காலைப் பூஜை.

அந்த அதிர்வு போல்ட்டை மட்டுமல்ல, பாட்டில் மூடியையும் திருகித் திறக்கும். இது எனக்கு யாரும் சொல்லாத பாடம். வீட்டில் நல்லெண்ணெய் விட்டுக் காய்ச்சி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் இறுக்கி மூடி, துணி சுற்றி வைத்த புளிக்காய்ச்சல். மாலை நிறுத்திப் பார்த்தபோது மூடி ஒரு பக்கம், பாட்டில் ஒரு பக்கம். பாட்டில் இருந்த பை மடித்த கேன்வாஸை ஒட்டியே இருந்தது. எண்ணெயும் மஞ்சளுமாக ஒரு முழ நீளத்துக்குக் கறை. அலுமினியம் கேன்களும் ஒன்றோடொன்று உரசி ஊசிமுனை ஓட்டை விழுந்து, சோடா முழுக்க அரிசி டப்பாவைச் சுற்றி ஓடியிருந்தது. இப்போது எல்லாம் கிளிப் மூடி பிளாஸ்டிக் டப்பா, இடையில் டவல், மூடிமேல் டேப்.

பிள்ளைகளுக்கு அந்தப் பாதையில் போரடிக்கவில்லை என்பது எனக்கே ஆச்சரியம். மரீயைத் தாண்டியதும் டிங்கோ என்கிற காட்டுநாய்களைத் தடுக்கிற வேலி குறுக்கிடும், 5,600 கிலோமீட்டர் நீளம். அப்புறம் மூக்கை மேலே தூக்கிச் சிற்பமாக நட்டுவைத்த விமானங்கள். கவர்ட் ஸ்பிரிங்ஸில் பேரீச்ச மரங்களுக்கு நடுவில் மரத்தொட்டி மாதிரி ஒரு வெதுவெதுப்பான ஊற்றுக் குளம். இரண்டு ராத்திரி தங்கினோம், நான்கு வேளை அதிலேயே ஊறினார்கள். அல்ஜிபக்கீனாவில் 578 மீட்டர் நீளத்தில் ரயில்பாலம் தனியாக நிற்கிறது. மகள் அதன் தூண்களை எண்ணிப் பாதியில் மறந்து திரும்ப எண்ணினாள்.

அந்த கவர்ட் ஸ்பிரிங்ஸில்தான் இரண்டாம் ராத்திரி சின்னவனுக்கு 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சல். செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. வாடகைக்கு எடுத்த சாட்டிலைட் போன் கையில் இருந்ததால் நர்ஸ் உதவி எண்ணில் பேசினோம். பாராசிட்டமால் அளவு, எதைப் பார்த்தால் கிளம்ப வேண்டும் என்று சொன்னார்கள். ராத்திரி மண் சாலையில் கங்காரு குறுக்கே பாயும், அதனால் விடிந்தபின்தான் கிளம்புவது என்று முடிவு. பறக்கும் டாக்டர் சேவை 1928லிருந்து இந்த நாட்டில் இருக்கிறது, இருந்தாலும் அவர்களைக் கூப்பிடும் நிலை வரக்கூடாது என்று அன்று ராத்திரி எத்தனை தெய்வத்துக்கு வேண்டினேன் என்று கணக்கில்லை. காலையில் அவன் எழுந்து தோசை கேட்டான். அதன்பின் சொந்தமாக பிஎல்பி ஒன்று வாங்கினோம். கைக்குள் அடங்கும், பட்டனை அழுத்தினால் சாட்டிலைட் வழியாக மீட்புக் குழுவுக்கு இடம் தெரியும். ஆனால் அது பேசாது. காய்ச்சல் மாதிரி அரைகுறை அவசரத்துக்குச் சாட்டிலைட் போன்தான் சரி.

கடைசிப் பயணத்தில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. கிங்ஸ் கேன்யனிலிருந்து போகிற மெரீனி லூப் என்கிற சாலைக்கு முன்கூட்டியே பெர்மிட் வாங்க வேண்டும், வழியில் கேம்ப் போடக் கூடாது. மற்றதெல்லாம் தார்.

நான்கு வருடத்தில் கெட்டுப்போனவை: அடுப்பு டிராயரின் தாழ்ப்பாள், பின்கதவு ரப்பர் சீல், ஜன்னல் ஜிப் மூன்று. சீல் போனால் புல் டஸ்ட் எனப்படும் முகப்பவுடர் மாதிரியான தூசு தலையணை உறைக்குள்ளும் இருக்கும். ஜிப்பில் தூசு சிக்கியபோது பலம் காட்டி இழுத்ததுதான் தப்பு, பழைய டூத் பிரஷால் தட்டிவிட்டு மெழுகுவத்தி தேய்த்தால் ஓடுகிறது. நனைந்த கேன்வாஸை ஒருமுறை அப்படியே மடித்து, வீடு வந்து ஒரு வாரம் மறந்ததில் மூலையில் பூஞ்சை. அது எங்கள் தவறு. சோலாரும் 200 ஏஎச் (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரியும் ஒருநாளும் கைவிடவில்லை. ஃப்ரிட்ஜில் தயிர் புளிக்காமல் இருந்தது.

இன்றைக்குப் புதிதாக வாங்குவதாக இருந்தால் இந்த ரகத்தை எடுப்பேனா? பிள்ளைகளுக்கு மூன்று வயதுக்குள் என்றால் மாட்டேன். கூரையைத் தூக்கினால் போதும் என்கிற ஹைப்ரிட் ரக டிரெய்லர் வாங்கக் காசு இல்லையென்றால், இரண்டு வருடம் பொறுத்திருப்பேன். ஐந்து வயதுக்கு மேல் முளை அடிக்க ஆள் கிடைத்துவிடுகிறது. எங்கள் சின்னவன் சுத்தியலை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.

இப்போது மூத்தவளின் கால் கட்டிலுக்கு வெளியே நீள்கிறது. விற்கலாம் என்று போன மாதம் விளம்பரம் போட்டோம். எந்தக் கோணத்தில் படம் எடுத்தாலும் அந்தக் கறை விழுந்துவிடுகிறது. பார்க்க வந்த ஒருவர் குனிந்து விரலால் தேய்த்து, “துருவா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார், புளிக்காய்ச்சலை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று நான் அவரைப் பார்த்தேன்.