பாட்டு நிலையமா, பேச்சு நிலையமா: ரேட்டிங்கில் யார் முன்னணி?

ஒரே ஊரில் இரண்டு வானொலி நிலையங்கள். ஒன்றில் நாள் முழுக்கப் புது ஹிட் பாடல்கள். மற்றதில் செய்தி, விவாதம், நேயர் அழைப்பு. யார் முன்னணி என்று கேட்டால் இரண்டு பேருமே 'நாங்கள்தான்' என்பார்கள். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

காரணம், ரேட்டிங்கில் இரண்டு கணக்குகள் உண்டு. வாரத்தில் எத்தனை பேர் கேட்டார்கள் என்பது ஒன்று, எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்பது மற்றொன்று. 10 பேர் ஒரு மணி நேரம் கேட்டாலும், 5 பேர் இரண்டு மணி நேரம் கேட்டாலும் மொத்தக் கேட்பு நேரத்தில் கிடைக்கும் பங்கு ஒன்றுதான். ஹிட் பாட்டு நிலையத்துக்கு ஆள் நிறைய வரும், சீக்கிரம் போய்விடும். அது அந்த வடிவத்தின் இயல்பு. 1950களில் அமெரிக்காவில் வானொலி நிலைய உரிமையாளர் டாட் ஸ்டோர்ஸ் வளர்த்தெடுத்த 'டாப் 40' முறையே, சில பாடல்களைத் திரும்பத் திரும்பப் போடுவதுதான். எப்போது திருப்பினாலும் தெரிந்த பாட்டு வரும், ஆனால் ரொம்ப நேரம் கேட்டால் அலுத்துவிடும். பேச்சு நிலையத்துக்கு வருபவர்கள் குறைவு, வந்தவர்கள் எழுந்து போவதில்லை.

அப்புறம், அளக்கும் கருவி. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. டைரி முறையில் நேயர் ஒரு வாரம் தான் கேட்டதைத் தானே எழுதுகிறார். மனதுக்குப் பிடித்த நிலையத்தின் பெயர் முதலில் நினைவுக்கு வரும், போகிற போக்கில் காதில் விழுந்தது விட்டுப்போகும். விசுவாசமான நேயர்களை வைத்திருக்கும் பேச்சு நிலையத்துக்கு இது சாதகம். 2007இல் பிலடெல்பியாவிலும் ஹூஸ்டனிலும், நேயர் உடம்பிலேயே வைத்துக்கொள்ளும் மீட்டர் முறை வந்தது. ஒலிபரப்பில் காதுக்குக் கேட்காதபடி கலந்திருக்கும் குறியீட்டை அது பிடிக்கும். கடையில் ஓடிய பாட்டும் கணக்கில் சேர்ந்தது. நிரம்பிய இசையில் அந்தக் குறியீடு நன்றாக ஒளிந்துகொள்ளும். பேச்சின் இடைவெளிகளில் அதற்கு இடம் குறைவு, அதனால் மீட்டர் அதைத் தவறவிடலாம். 2015 வாக்கில் இதை வைத்துப் பெரிய சர்ச்சையே நடந்தது. மென்மையான ஜாஸ் நிலையங்கள் பல, மீட்டர் வந்த சில ஆண்டுகளிலேயே வடிவம் மாறிவிட்டன. அந்த நேயர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அமெரிக்காவின் சிறிய ஊர்களில் இப்போதும் டைரிதான். அதனால் ஒரு ஊரின் டைரி எண்ணையும் இன்னொரு ஊரின் மீட்டர் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேசுவது சரியல்ல. பங்கு எண் ஒன்றை மட்டும் பார்க்கும் விளம்பரதாரர் தவறு செய்கிறார் என்றே நினைக்கிறேன். விற்பனை அறிவிப்பு ஊர் முழுக்கப் பரவ வேண்டுமென்றால் பாட்டு நிலையம். விளக்கிச் சொல்லி நம்ப வைக்க வேண்டிய பொருளென்றால் நான் பேச்சு நிலையத்தைத்தான் எடுப்பேன். அங்கே நேயர் காதைக் கொடுத்துக் கேட்கிறார்.

கால்மணி நேரத்தில் 5 நிமிடம் கேட்டால்தான் கணக்கு என்று நெடுங்காலம் இருந்தது. 2025 தொடக்கத்தில் மீட்டர் ஊர்களுக்கு அதை, ரேட்டிங் எடுக்கும் நிறுவனமான நீல்சன் 3 நிமிடமாகக் குறைத்தது. ஒரே பாட்டைக் கேட்டுவிட்டு நிலையம் மாற்றுகிறவரும் இப்போது கணக்கில் வந்துவிடுகிறார்.