ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் டாக்ஸி ஏறுமுன் கண்ணாடியைப் பாருங்கள்

ஸ்டாக்ஹோம் போகத் திட்டம் வைத்திருப்பவர்கள், முக்கியமாகக் கப்பலில் போய் இறங்கப்போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு 890 குரோனா கொடுத்தவன் எழுதுகிறேன். நம் பணத்தில் எட்டாயிரம் ரூபாய் வாக்கில் வரும்.

2025 ஜூனில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஹெல்சிங்கியிலிருந்து இரவுக் கப்பலில் வந்தேன். காலை பத்து மணி வாக்கில் வேர்த்தாஹாம்னென் துறைமுகம். குட்டிக் குட்டித் தீவுகளுக்கு நடுவே கப்பல் ஊர்ந்து வருவதை வேடிக்கை பார்த்ததில் இருவருக்கும் சரியான தூக்கமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. ஹோட்டல் இருந்தது தெற்கே ஸோடர்மால்ம் தீவில், மரியாடோரியெட் பக்கத்தில்.

வெளியே வந்ததும் டாக்ஸி வரிசை ஒன்று இருந்தது. அதற்குப் போவதற்குள் ஒருவர் சிரித்த முகமாக வந்து "டாக்ஸி? சிட்டி?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அம்மாவின் பெட்டி அவர் டிக்கியில் இருந்தது. வண்டி வரிசையிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றது. மேலே டாக்ஸி விளக்கு, மஞ்சள் நம்பர் பிளேட், உள்ளே மீட்டர், கார்டு மெஷின். கள்ள டாக்ஸி இல்லை என்று நானே ஒரு சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். அதில் தப்பும் இல்லை, அது கள்ள டாக்ஸி இல்லைதான்.

பின்கதவை அவரே திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "எவ்வளவு மரியாதை பாரு" என்றார் அம்மா. அந்தக் கதவை அப்படித் திறந்து பிடித்தால் அதன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டு முன்பக்கம் திரும்பிக்கொள்ளும், பின்னாலிருந்து வந்து ஏறுகிறவர் கண்ணில் படாது என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது.

கிளம்புமுன் மீட்டரிலிருந்து ஒரு துண்டுச் சீட்டைக் கிழித்து நீட்டினார். ஏதோ டோக்கன் என்று நினைத்து பாக்கெட்டில் திணித்தேன். இறங்கும்போது மீட்டரில் 890. கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் பதறவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. கதவுக் கண்ணாடியில் இருந்த சீட்டைக் காட்டினார், பிறகு என் சட்டைப் பாக்கெட்டைக் காட்டினார். கார்டைத் தட்டினேன்.

ரிசப்ஷனில் இருந்த பெண் துண்டுச் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இந்தப் பயணத்துக்கு அதிகபட்ச விலை என்று ஸ்வீடிஷில் அதில் அச்சாகியிருந்ததாம். அதாவது விலையை முன்கூட்டியே எழுதிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் உரித்திருக்கிறார். ரசீதில் இருந்த கம்பெனிக்கு மெயில் போட்டேன். விலை முதலிலேயே தெரிவிக்கப்பட்டது என்று ஒரு வரி பதில். அதோடு சரி.

விஷயம் இதுதான். ஸ்வீடனில் 1990-லேயே டாக்ஸிக் கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். உரிமம் உள்ளவர் தன் விலையைத் தானே வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் ஆட்டோவில் மீட்டர் போடாவிட்டால்தான் பயம். அங்கே மீட்டர் ஒழுங்காக ஓடும், அதில் ஏற்றிவைத்திருக்கும் விலைதான் ஆளுக்கு ஆள் வேறு. அதற்குப் பரிகாரமாகத்தான் கண்ணாடியில் அந்த மஞ்சள் சீட்டு. பத்துக் கிலோமீட்டர் தூரம், பதினைந்து நிமிட நேரம் ஓடினால் என்ன ஆகும் என்ற ஒப்பீட்டு விலை அதில் பெரிய எழுத்தில் இருக்கும். நாங்கள் வந்த வண்டியில் 1,190. அடுத்த நாட்களில் தெருவில் பார்த்த பெரிய கம்பெனி வண்டிகளில் நானூறைச் சுற்றித்தான் இருந்தது. வரிசையில் முதலில் நிற்கும் வண்டியில்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கடைசி வண்டி மலிவு என்றால் அதில் ஏறலாம்.

ஏறுமுன் "ஃபாஸ்ட் ப்ரீஸ்?" என்று கேளுங்கள். வேகமான விலை இல்லை, நிலையான விலை. ஸ்வீடிஷில் ஃபாஸ்ட் என்றால் அசையாதது என்று அர்த்தமாம். வாய்ச்சொல்லாக வேண்டாம், எண்ணாக எழுதி வாங்குங்கள். வாங்கியதை என்னைப் போல பாக்கெட்டில் போடாமல் படியுங்கள்.

வயிறு எரிந்த இன்னொரு விஷயம், எங்களுக்கு டாக்ஸியே தேவைப்பட்டிருக்கவில்லை. துறைமுகத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் யேர்டெட் மெட்ரோ. அங்கே சிவப்பு வழித்தட ரயில் ஏறினால் மாறாமல் ஆறாவது நிறுத்தம் மரியாடோரியெட். டிக்கெட் அன்றைக்கு 43 குரோனா, 75 நிமிடத்துக்குள் மெட்ரோ, பஸ், டிராம் எதில் வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். வாசலில் வங்கி கார்டைத் தட்டினாலே கதவு திறக்கும். ஆளுக்கு ஒரு கார்டு வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள்.

அதே டிக்கெட்டில் படகும் உண்டு என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது. ஸ்லுஸ்ஸன் படகுத்துறையில் ஏறினால் யூர்கோர்டன் தீவில் இறக்கிவிடும் 82-ஆம் எண் படகு. சுற்றுலாப் படகுக்காரர்கள் பக்கத்திலேயே கூவிக்கொண்டிருப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள். 1628-இல் முதல் பயணத்திலேயே துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் கவிழ்ந்து மூழ்கிய வாஸா என்ற அரசுப் போர்க்கப்பலின் மியூசியமும் அந்தத் தீவில்தான். அரசாங்கமே முதல் பயணத்தில் ஏமாந்திருக்கிறது என்று அம்மா எனக்கு ஆறுதல் சொன்னார்.

விமான நிலையத்துக்குத் திரும்பும்போது உஷாராகிவிட்டேன். விரைவு ரயில் தனிக் கம்பெனி, நகர டிக்கெட் அதில் செல்லாது. புறநகர் ரயில் ஆர்லாண்டா விமான நிலையத்துக்கே போகும், ஆனால் அந்த நிலையத்துக்குள் நுழைய, வெளியேறத் தனியாக ஒரு கட்டணம் தீட்டுவார்கள். நாங்கள் மெர்ஷ்டா வரை ரயில், அங்கிருந்து 583 பஸ். கொஞ்சம் நேரம் கூடும், சாதாரண டிக்கெட்டே போதும்.

அம்மாவுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஸ்லுஸ்ஸனில் படகுக்குக் காத்திருந்தபோது, நிற்கிற ஒவ்வொரு டாக்ஸியின் கண்ணாடியையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "இது நானூத்திப் பன்னெண்டு. இது முன்னூத்தித் தொண்ணூறு." கடைசியில் ஒரு வண்டிமுன் நின்றுகொண்டு தெருவே கேட்கிறமாதிரி கூப்பிட்டார்: "டேய், இங்க வா, ஆயிரத்து நூத்தம்பது. நம்ம ஆளுக்கு அண்ணன் தம்பி போல."